மணிக்கட்டு முறிவு, டி ஸ்கோர் மைனஸ் 2.8: கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வயது 61. குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு எலும்பு கூடிவிட்டது. பிறகு எலும்பு அடர்த்தியை அளக்க எடுத்த டெக்ஸா ஸ்கேனில் டி ஸ்கோர் மைனஸ் 2.8, ரத்தத்தில் வைட்டமின் டி 11 (மில்லிலிட்டருக்கு நானோகிராம்). கட்டுப் போட்ட மருத்துவர் கால்சியம் மாத்திரையோடு விட்டுவிட்டார். இன்னொருவர் வருடத்துக்கு ஒரு ஊசி போடலாம் என்கிறார். அந்த ஊசியால் தாடை எலும்பு செத்துப்போகும் என்று எங்கோ படித்துவிட்டுப் பயந்திருக்கிறீர்கள். கேழ்வரகு, பிரண்டை, ஆட்டுக்கால் சூப் கொடுத்தே சரிசெய்ய முடியாதா, வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே என்றும் கேட்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: இது வயதா நோயா, கால்சியம் போதுமா, ஊசி போடலாமா. நீங்கள் கேட்காத நான்காவது ஒன்று இருக்கிறது, மற்ற மூன்றுக்கும் பதில் அதைப் பொறுத்துத்தான்: அம்மாவின் எலும்பு எதனால் வலுவிழந்தது? எலும்பு முறிவு மருத்துவராகப் பல வருடங்களாக இருக்கிறேன். இந்தக் கேள்வி கேட்கப்படாமலேயே கட்டுப் பிரிக்கப்பட்டு வீட்டுக்குப் போகிற பெண்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அம்மாவை நேரில் பார்க்காமல் எழுதுவதால் இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் என்ன பேச வேண்டும் என்பதற்கான தயாரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே ஒரு எலும்பு முறிந்தால், அது வழுக்கியதால் வந்த விபத்து மட்டுமல்ல. ஆரோக்கியமான எலும்பு அந்த அடியைத் தாங்கியிருக்க வேண்டும். ஐம்பது, அறுபது வயதுகளில் பெண்களுக்கு மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் முதல் எச்சரிக்கை. அப்படி ஒரு முறை முறிந்தவருக்கு மறுபடி ஓர் எலும்பு முறியும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு ஆகிறது. அடுத்தது முதுகெலும்பு, அதற்கடுத்தது இடுப்பு. முதுகெலும்பு நசுங்குவது மூன்றில் இரண்டு பேருக்குத் தெரியாமலே நடக்கிறது. "குனிந்து குடத்தைத் தூக்கினேன், முதுகு பிடித்துக்கொண்டது" என்று தைலம் தேய்த்து, படுத்து எழுந்து, மறந்துவிடுவார்கள். கூன் விழுவதும் உயரம் குறைவதும்தான் பின்னால் தெரியும். அம்மாவின் உயரத்தை இன்றே அளந்து பாருங்கள். இளவயது உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகுக்கு ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். இடுப்பு முறிவைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை, உங்கள் தெருவிலேயே ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். முறிந்த ஒரு வருடத்துக்குள் ஐந்தில் ஒருவராவது இறந்துவிடுகிறார், பிழைத்தவர்களில் பலர் பழையபடி தனியாக நடமாடுவதில்லை. நாம் தடுக்கப் பார்ப்பது இதைத்தான். ஸ்கேன் காகிதத்தில் ஓர் எண்ணைத் திருத்துவது நோக்கம் அல்ல.

எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னையே பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிற உறுப்பு. ஒரு வகை செல் பழையதைக் கரைத்து எடுக்கும், இன்னொரு வகை அந்த இடத்தில் புதியதைப் போடும். சுமார் 30 வயது வரை வரவு அதிகம், அப்புறம் சமநிலை, பிறகு மெல்லச் செலவு அதிகம். கரைக்கும் செல்களைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்றதும் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து முதல் ஐந்தாறு வருடங்களில் எலும்பு வேகமாகக் குறைகிறது. இந்தத் தொடர்பை அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1940களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். ஆகவே எலும்பு ஓரளவு குறைவது வயதின் இயல்பு, உண்மைதான். சிறு வீழ்ச்சிக்கே முறியுமளவு குறைவது இயல்பு இல்லை. அதற்குச் சிகிச்சை இருக்கிறது. இப்படி எலும்பு குறைந்து வலுவிழக்கும் நோய்தான் ஆஸ்டியோபோரோசிஸ். இன்னொன்று: முறிவு ஏற்படும்வரை அது வலிக்காது. முழங்கால் வலிக்கு "எலும்பு தேய்மானம்" என்று சொல்வது மூட்டுத் தேய்மானத்தை. அது வேறு நோய், அதற்கான சிகிச்சையும் வேறு. முழங்கால் வலிக்கிறது என்பதற்காக எலும்பு வலுவிழந்துவிட்டது என்றும், வலி இல்லை என்பதற்காக எலும்பு நன்றாக இருக்கிறது என்றும் முடிவு கட்ட வேண்டாம்.

மைனஸ் 2.8 என்பதற்கு என்ன பொருள்? இளம் வயதுப் பெண்களின் சராசரி எலும்பு அடர்த்தியிலிருந்து உங்கள் அம்மா எவ்வளவு கீழே இருக்கிறார் என்பதுதான் டி ஸ்கோர். 1994இல் உலக சுகாதார நிறுவனம் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ் என்று வரையறுத்தது. பல இயந்திரங்களில் அந்த "இளம் பெண்" அமெரிக்க வெள்ளையினப் பெண். நம் பெண்களின் எலும்பு அளவில் சிறியது. டெக்ஸா பரப்பை வைத்துத்தான் அடர்த்தியைக் கணக்கிடுகிறது, ஆழத்தை அது பார்ப்பதில்லை. அதனால் சிறிய எலும்பு, உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் மோசமாகவே காட்டப்படும். இதற்கு நேர்மாறாக, வயதானவர்களின் முதுகெலும்பில் வளரும் எலும்பு முட்கள் அடர்த்தியைப் பொய்யாக உயர்த்திக் காட்டும், அந்த நேரத்தில் இடுப்பு அளவைத்தான் நம்ப வேண்டும். ஆகவே முறிவே இல்லாத 50 வயதுப் பெண்ணுக்கு மைனஸ் 2.5 வந்தால் நான் நிதானமாக யோசிப்பேன். அம்மாவின் விஷயத்தில் ஸ்கேனும் முறிவும் ஒன்றையே சொல்கின்றன, அங்கே எனக்குத் தயக்கம் இல்லை. (முகாம்களில் குதிகாலில் வைத்துப் பார்க்கிற அல்ட்ராசவுண்ட் கருவியைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அதை வைத்து நோய் என்று முடிவு செய்யவும் கூடாது, சிகிச்சை தொடங்கவும் கூடாது.)

அடர்த்தி என்ற எண்ணையே எல்லாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு நம் பகுதியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். அந்தத் தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை மட்டுமல்ல, முதுகும் கழுத்தும் இறுகிப்போகும். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாக, கனமாகத் தெரியும். ஃபுளோரைடால் வரும் இந்த நோயை 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் பார்த்துத்தான் முதலில் இந்தியாவில் விரிவாக எழுதினார்கள். இப்படி ஃபுளோரைடு அடர்த்தியைக் கூட்டுகிறதே என்று பிற்பாடு அதையே ஆஸ்டியோபோரோசிஸுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நடந்த ஆய்வு 1990இல் வெளியானது. நான்கு வருடத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது. முதுகெலும்பு முறிவுகளோ குறிப்பிடும்படி குறையவில்லை. கை, கால், இடுப்பு போன்ற மற்ற இடங்களில் முறிவு கூடியது. எலும்பு கனமாகிறது, ஆனால் அதன் உள்ளமைப்பு கெட்டு நொறுங்குகிறது. அம்மா அந்தப் பகுதிகளில் வளர்ந்தவர் என்றால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஸ்கேன் அளவைப் படிக்கும் விதமே மாறும். சர்க்கரை நோயிலும் இதே சிக்கல் இருக்கிறது: ஸ்கேன் பரவாயில்லை என்று காட்டும், எலும்பு முறியும்.

இப்போது அந்த நான்காவது கேள்விக்கு வருகிறேன். வைட்டமின் டி 11 என்பது குறைவு. 20க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. இந்தக் குறைபாடு நீண்ட நாள் நீடித்தால் ஆஸ்டியோமலேசியா என்ற வேறொரு நோய் வரும். ஆஸ்டியோபோரோசிஸ் என்பது செங்கல் குறைந்துபோன சுவர். ஆஸ்டியோமலேசியா என்பது சுடாத பச்சைக் கல்லில் கட்டிய சுவர். இரண்டும் டெக்ஸாவில் ஒரே மாதிரி குறைவாகத்தான் தெரியும். பார்த்தால், கேட்டால், வித்தியாசம் தெரியும். ஆஸ்டியோமலேசியாவில் உடம்பெல்லாம் வலிக்கும், விலாவையும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பையும் அழுத்தினால் வலிக்கும், தொடைத் தசைகள் பலமிழந்து தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது, நடை வாத்து நடை மாதிரி ஆடும். ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி உயர்ந்திருக்கும், பாஸ்பரஸும் பல நேரம் குறைந்திருக்கும். இதற்கு வைட்டமின் டியும் கால்சியமும்தான் மருந்து, சில மாதங்களில் ஆளே மாறிவிடுவார். இவருக்குப் போய் எலும்புக் கரைவை நிறுத்துகிற ஊசியை முதலிலேயே போட்டால் பயனில்லை என்பது மட்டுமல்ல, ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிக் கை கால் இழுத்துக்கொள்ளலாம். ஆகவே இன்றைய நிலையில், வைட்டமின் டி 11 இருக்கும்போதே, அந்த ஊசியைப் போட வேண்டாம். குறைபாட்டைச் சரிசெய்த பிறகு போடலாம்.

இதோடு பார்க்க வேண்டிய மற்ற காரணங்கள் உண்டு. எல்லாமே சாதாரண ரத்தப் பரிசோதனைகள்தான். கால்சியம் உயர்ந்து, பாராதைராய்டு ஹார்மோனான பி.டி.ஹெச்.சும் உயர்ந்திருந்தால் கழுத்தில் உள்ள சிறிய பாராதைராய்டு சுரப்பி ஒன்றில் கட்டி இருக்கலாம். சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருகிறவர்களிடம் இதை நான் முதலில் நினைப்பேன். அந்தக் கட்டியை எடுத்துவிட்டால் எலும்பு தானாகவே மீளத் தொடங்கும். ரத்தசோகை, இ.எஸ்.ஆர். (ரத்த சிவப்பணுக்கள் படியும் வேகம்) மிக அதிகம், ஓய்விலும் விடாத முதுகு வலி, இவை சேர்ந்திருந்தால் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயைத் தேடிப் பார்க்க வேண்டும், புரதத்துக்கான எலக்ட்ரோஃபோரிசிஸ் பரிசோதனை அதற்குத்தான். தைராய்டு மாத்திரையின் அளவு தேவைக்கு மேல் போயிருக்கிறதா என்று டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு பரிசோதனை சொல்லும். சிறுநீரகச் செயல்பாட்டை எப்படியும் பார்க்க வேண்டும், மருந்தைத் தேர்ந்தெடுக்க அது தேவை.

பரிசோதனையில் தெரியாமல், கேட்டால் மட்டும் தெரிகிற இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, நம் ஊரில் இவை மிக முக்கியம். ஒன்று, அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்களா, எடுத்தபோது சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா, எந்த வயதில்? முப்பதுகளிலேயே இரண்டையும் எடுத்துவிட்ட பெண்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களின் எலும்புக்கு மாதவிடாய் நின்றது அன்றைக்கே, பதினைந்து வருடம் முன்கூட்டியே. எடுத்தவரும் சொல்வதில்லை, எலும்பைப் பார்ப்பவரும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம். இரண்டாவது, ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ ப்ரெட்னிசலோன் மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டிருக்கிறாரா? எலும்பு இழப்பு முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிடும். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் "மூட்டு வலிக்கு அற்புதமான பொடி" என்று வாங்கிச் சாப்பிட்டு வலி மாயமாக மறைந்ததென்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் வாய்ப்பை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அப்படியிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். வலிப்புக்கான ஃபெனிடாய்ன், மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கொடுக்கிற லெட்ரோசோல், சர்க்கரைக்கான பியோகிளிட்டசோன் இவையும் எலும்பைப் பாதிக்கும்.

சரி, கால்சியமும் உணவும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, ஒரு பெரிய டம்ளர் பாலில் 240 வரை. தயிர், மோர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நல்லவை. ஆட்டுக்கால் சூப் குடிக்க நன்றாக இருக்கும், ஆனால் எலும்பிலிருந்து கால்சியம் தண்ணீரில் இறங்குவது மிகக் குறைவு. பிரண்டையைப் பற்றி ஆய்வகத்திலும் சிறிய அளவில் மனிதர்களிடமும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. துவையல் அரைத்துச் சாப்பிடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, ஆனால் அது அடுத்த முறிவைத் தடுக்கும் என்று காட்டும் ஆதாரம் இல்லாததால் மருந்துக்குப் பதிலாக அதைச் சொல்ல மாட்டேன். உணவில் குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்பினால் போதும். ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குடல் சரியாக உறிஞ்சாது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும், தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரை இதயத்தைப் பாதிக்குமா என்பதில் ஆய்வுகள் முரண்படுகின்றன, இன்னும் தீரவில்லை. தேவைக்கு மேல் விழுங்காமல் இருக்க அதுவே ஒரு காரணம்.

வைட்டமின் டிக்கு 60,000 யூனிட் வாரம் ஒன்று, எட்டு வாரம் என்பது நம் நாட்டில் வழக்கமான முறை. எட்டு வாரம் முடிந்ததும் அளவைக் குறைக்க வேண்டும். வாரா வாரம் வருடக்கணக்கில் போட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெட்டு வந்தவர்களும் உண்டு. ஒரேயடியாக 6 லட்சம் யூனிட் ஊசி போட்டுக்கொள்வதையும் நான் விரும்புவதில்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வந்தது: வருடத்துக்கு ஒரே முறை 5 லட்சம் யூனிட் கொடுத்தவர்களிடம் விழுவதும் முறிவதும் கூடியதே தவிரக் குறையவில்லை. காலை ஏழு மணி இளவெயில் நடைக்கு நல்லது, வைட்டமின் டிக்கு அல்ல. அதைத் தோலில் உருவாக்கும் புற ஊதாக் கதிர் 11 முதல் 2 மணி வரைதான் போதிய அளவு கிடைக்கும்.

இவ்வளவும் செய்தாலும், அம்மாவின் நோய் ஆஸ்டியோபோரோசிஸ்தான் என்று உறுதியானால் கால்சியமும் வைட்டமின் டியும் மட்டும் போதாது. அவை அடித்தளம், சிகிச்சை அதற்கு மேல். உங்களுக்குச் சொன்ன ஊசி சோலெட்ரானிக் ஆசிட் 5 மில்லிகிராமாக இருக்க வேண்டும். 2007இல் வெளியான பெரிய ஆய்வில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு அதையும் பாதிப் பேருக்கு வெறும் நீரையும் மூன்று வருடம் கொடுத்தார்கள். வெறும் நீர் பெற்ற 100 பேரில் சுமார் 11 பேருக்கு முதுகெலும்பு புதிதாக நசுங்கியது, மருந்து பெற்ற 100 பேரில் சுமார் 3 பேருக்கு. இடுப்பு முறிவு 41 சதவீதம் குறைந்தது. நீங்கள் பயப்படும் தாடைப் பிரச்சினை அந்த ஆய்வில் மருந்துக் குழுவில் ஒருவருக்கு வந்தது, வெறும் நீர் பெற்ற குழுவிலும் ஒருவருக்கு வந்தது. நீங்கள் படித்தவை பெரும்பாலும் புற்றுநோயாளிகளைப் பற்றியதாக இருக்கும். அவர்களுக்கு இதே மருந்து மாதம் ஒருமுறை போல மிக அதிகமாகக் கொடுக்கப்படுகிறது. ஆபத்து பூஜ்யம் என்று சொல்லவில்லை. பல் பிடுங்க வேண்டியிருந்தால் ஊசிக்கு முன்பே முடித்து, ஈறு ஆறிய பிறகு போடுவது நல்லது. முதல் ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாராசிட்டமால் போதும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது ஆகாது. வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரையும் நல்ல மருந்துதான். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். அம்மாவால் முடியுமா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை யாராவது சொன்னால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அதை இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து பல முதுகெலும்புகள் ஒரே சமயத்தில் நசுங்கியிருக்கின்றன.

எத்தனை வருடம் போட வேண்டும் என்பதில்தான் உறுதி குறைவு. சோலெட்ரானிக் மூன்று வருடம், மாத்திரை ஐந்து வருடம் முடிந்ததும் நிறுத்திப் பார்க்கலாமா என்று மறுபடி யோசிப்பது பொதுவான பழக்கம். நீண்ட நாள் எடுத்தவர்களில் மிகச் சிலருக்குத் தொடை எலும்பின் நடுப்பகுதி குறுக்காக முறிகிறது, ஆசியப் பெண்களிடம் இது அதிகம். மருந்து எடுக்கும் காலத்தில் தொடையிலோ கவட்டிலோ புதிதாக விடாத வலி வந்தால் இரண்டு தொடைக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முதல் சில வருடங்களில் இந்த ஆபத்தைவிடத் தடுக்கப்படும் முறிவுகள் பல மடங்கு அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

விழாமல் இருப்பதும் சிகிச்சைதான். குளியலறையில் கைப்பிடி, சொரசொரப்பான தரை, இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு, கண்புரை இருந்தால் அறுவை, தூக்க மாத்திரை உண்டா என்ற விசாரணை. தினமும் நடப்பதோடு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரே சொன்னால், குனிந்து காலைத் தொடும் பயிற்சிகள் வேண்டாம்.

அடுத்த டெக்ஸா இரண்டு வருடம் கழித்து, முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுங்கள். ஆறு மாதத்தில் எடுத்தால் இயந்திரத்தின் பிழைக்கும் உண்மையான மாற்றத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த வாரம் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பேட்டேஸ், பி.டி.ஹெச்., சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியாட்டினின், டி.எஸ்.ஹெச்., முழு ரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர். ஆகியவற்றைப் பாருங்கள். முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். கால்சியமும் பி.டி.ஹெச்.சும் சேர்ந்து உயர்ந்திருந்தால், ஊசியைப் பற்றி மேலே எழுதியதை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஒரு எண்டோகிரைன் (ஹார்மோன்) மருத்துவரைப் பாருங்கள்.